புதுப்பட்டிக்குச் சீனாக்காரன் வந்த கதை

எங்கள் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் மருந்து ரூமைச் சீனாக்காரன் ஆள் வைத்துக் கொளுத்திவிட்டான் என்று நானும் நம்பியிருக்கிறேன். முழுசாக ஒரு பகல் நம்பினேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷம் கழித்து எனக்கே வருகிறது.

பட்டாசுக் கம்பெனிகளில் போர்மேன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, எந்த உப்பை எதோடு கலக்கலாம், எந்த ரூமில் எத்தனை பேர் உட்காரலாம் என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். சுவரிலும் எழுதிப் போட்டிருக்கிறது. நான் எட்டாவது வரை படித்தவன். அதற்கு மேல் நான் என்ன சொல்லிவிடப் போகிறேன்? சுவரில் எழுதாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். மருந்தில் பிடிக்கும் தீ ஒரு ரூமோடு நின்றுவிடும். பேச்சில் பிடிக்கும் தீ ஊரையே சுற்றி வரும். அதை அணைக்கிற வேலையும் போர்மேன் தலையில்தான் விழும். அந்தத் தீயில் போர்மேனே ஒரு கை எண்ணெய் ஊற்றியிருந்தால் பிழைப்பு இன்னும் மோசம்.

செல்போன் கூலிக்காரர் கைக்கும் வந்து சேர்ந்த வருஷங்கள் அவை. எம். புதுப்பட்டிப் பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவில் எங்கள் கம்பெனி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கம்பெனி. அதன் பெயரை எங்களில் ஒருவரும் வாயால் சொன்னதில்லை. "எதிர்த்த கம்பெனி" என்போம். சீசனில் அவர்களுக்கு ஒரு லாரி லோடு கூடுதலாகப் போய்விட்டால் அன்றைக்கு எங்களுக்குச் சோறு இறங்காது. அது போதாதென்று சீனாப் பட்டாசு கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறது என்ற பேச்சு வேறு. எங்களில் ஒருவரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காததனாலேயே அது மாதத்துக்கு மாதம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜை. ரூம்களையெல்லாம் துடைத்து, சல்லடைக்கும் தராசுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். சூடம், விளக்கு எல்லாம் கேட் ஓரத்துப் பிள்ளையாரோடு நின்றுவிட வேண்டும். அதில் நான் கறார். ஒரு ஊதுபத்தியைக்கூட அந்தக் கோட்டைத் தாண்ட விடமாட்டேன். மருந்து கலக்கும் ரூமில் பூ, சந்தனம், மஞ்சள் போட்ட தீர்த்தம், அவ்வளவுதான்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. அன்று காலையில் புதிதாகக் கொஞ்சம் மருந்து கலந்து, ஒரு பித்தளைச் சட்டி நிறையச் சாமி படத்துக்கு முன்னால் வைப்போம். நமக்குச் சோறு போடுவது அதுதானே. பூஜையில் வைத்ததை மறுபடி கம்பெனி திறக்கும் வரை யாரும் தொடக்கூடாது. மற்ற வருஷங்களில் கரி போட்ட கறுப்பு மருந்தைத்தான் வைப்போம். அந்த வருஷம் எனக்கு ஒரு ஆசை. பச்சை உப்பு என்று நாங்கள் சொல்லும் பேரியம் நைட்ரேட்டும் அலுமினியப் பவுடரும் கலந்த மருந்து வெள்ளி மாதிரி மின்னும். சாமிக்கு அதை வைத்தால் லட்சணமாக இருக்குமே என்று வைத்தேன். ஆர்டர் குவிந்திருந்த சீசன். மனசு நிறைந்து, கண்ணை மூடிக்கொண்டு, சொம்பில் இருந்த தீர்த்தத்தை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அதன் மேல் தெளித்தேன்.

ஈர மருந்தை ரூமில் வைக்காதே என்று நானே நூறு தடவை கத்தியிருக்கிறேன். ஆனால் அது தண்ணீர். இது தீர்த்தம். இரண்டையும் என் மனசு தனித்தனி அலமாரியில் வைத்திருந்தது. தீக்குப் பயந்து விளக்கை வாசலோடு நிறுத்தியவன், தண்ணீரை நானே கையில் ஏந்திக்கொண்டு உள்ளே போனேன்.

நாலு மணிக்குப் பூட்டும்போது சட்டியைத் தொட்டுக் கும்பிட்டேன். இளஞ்சூடாக இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. சாமி ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த பேச்சியக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு கூப்பிட்டாள்.

"தம்பி, எவனோ இந்த ரூமுக்குப் பின்னால ஒதுங்கியிருக்கான். மூத்திர வாடை மூக்கைப் பிடுங்குது."

"சாமி இருக்கிற எடத்துல என்ன பேச்சுக்கா இது? மழை ஈரம், அதான். போங்க, போங்க" என்று விரட்டிவிட்டுப் பூட்டினேன். வீட்டுக்குப் போய் என் வீட்டம்மாவிடம் மட்டும், சட்டி சூடாக இருந்த அதிசயத்தைச் சொன்னேன். அவளும் கும்பிட்டுக்கொண்டாள்.

மறுநாள் விஜயதசமி, லீவு. காலை பத்து மணிக்கு மருந்து ரூம் வெடித்தது. ஓடு ஒன்றுகூட மிஞ்சவில்லை, கதவு மட்டும் போட்ட பூட்டோடு நின்றது. உள்ளே ஆள் இல்லை, பக்கத்து ரூமிலும் ஆள் இல்லை. இருக்கன்குடி ஆத்தா காப்பாற்றினாள். அதை நான் இன்றைக்கும் சொல்வேன். அதற்கு அடுத்த நாள் கம்பெனி திறந்தபோதுதான் நான் சொல்ல வந்த கதையே ஆரம்பிக்கிறது.

கேட் பக்கத்துப் புங்கை மரத்தடியில் சனம் கூடி நின்றது. ஒருவரும் உள்ளே போகவில்லை.

"பூட்டுன பூட்டு தொங்குது. விளக்கு இல்ல, வத்தி இல்ல, மனுசன் இல்ல. ரூமு தானா எப்பிடிய்யா பத்தும்?" என்றாள் பேச்சியக்கா. திரி வெட்டும் பகுதியில் அவள்தான் மூத்தவள். அவள் காதில் காலையில் விழுந்த செய்தி சாயங்காலத்துக்குள் சாத்தூரைத் தொட்டுவிடும்.

"சீனாக்காரன் வேலையா இருக்கும்" என்று அவளே பதிலும் சொன்னாள்.

வாட்ச்மேனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏக்கா, சீனாக்காரன் புதுப்பட்டிக்கு எந்த பஸ்ஸுல வந்தானாம்?"

"ஏன், சாத்தூர்ல ரயிலை விட்டு எறங்கி சிவகாசி வந்து மினி பஸ் பிடிச்சா வந்துட்டுப் போறான். நீ வரல?"

"வந்தா எனக்குத் தெரியாதா? மூக்கைப் பாத்தாலே தெரிஞ்சிருமே!"

"அதுக்குத்தாம்லே அவன் நேர்ல வரல. எதிர்த்த கம்பெனிக்காரனைப் பிடிச்சிருக்கான். எதிர்த்த கம்பெனிக்காரன் இங்கன ஒரு ஆளைப் பிடிச்சிருக்கான்."

எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே ஆளை நினைத்தார்கள். நானும்தான்.

செல்லத்தாயி ஒரு மாதத்துக்கு முன்னால்தான் எதிர்த்த கம்பெனியில் இருந்து எங்களிடம் வேலைக்கு வந்தவள். ஆனைக்குட்டத்துக்காரி. புருஷன் இல்லை. அதிகம் பேசமாட்டாள். பூஜை அன்றைக்கு எல்லோரும் போன பிறகு, அஞ்சு மணிக்குத் திரும்பி வந்து, தூக்குவாளியை மறந்துவிட்டேன் என்று வாட்ச்மேனிடம் சொல்லி உள்ளே போனாள். போனவள் வாளியோடு வெளியே வந்தாள். அதோடு விட்டாளா? ரோட்டைத் தாண்டி, எதிர்த்த கம்பெனி வேலி ஓரமாகப் போய் நின்று, அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் போனில் பேசியிருக்கிறாள்!

"தூக்குவாளியில என்ன இருந்துச்சோ" என்றாள் ஒருத்தி.

"பூசை அன்னைக்கே ஒரு நாத்தம் அடிச்சுதுல்ல, நான் தம்பிகிட்டச் சொன்னேனே! ஏதோ திராவகம் ஊத்தியிருக்கா" என்றாள் பேச்சியக்கா. வாடை அடித்தது நாலு மணிக்கு, செல்லத்தாயி திரும்பி வந்தது அஞ்சு மணிக்கு. கூட்டத்தில் ஒருவருக்கும் இந்தக் கணக்கு உறைக்கவில்லை. நல்ல கதை ஓடிக்கொண்டிருக்கும்போது கடிகாரத்தை யார் பார்ப்பார்கள்?

அப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கோயிலுக்குப் போகிறவன், பொய் சொல்லாதவன், போர்மேன். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: "என் கையால பூட்டுனேன். பூட்டு உடையல. அப்ப, கள்ளச்சாவி போட்டிருக்கணும்."

இவ்வளவுதான் சொன்னேன். அதுவரை அது வெறும் பேச்சு. நான் வாயைத் திறந்ததும் அதற்குக் கால் முளைத்தது. பூட்டு உடைந்திருந்தால் உடைத்தாள் என்போம். உடையாததனால் கள்ளச்சாவி என்றோம். இரண்டில் எது நடந்திருந்தாலும் அவள்தான். இந்த மாதிரி ஒரு கதையை நீங்கள் கேட்டால், எது நடந்திருந்தால் இந்தக் கதை பொய்யாகும் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். ஒன்றுமே தோன்றவில்லை என்றால் உஷாராகிக்கொள்ளுங்கள்.

செல்லத்தாயி ஒன்பது மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். சனம் விலகி வழிவிட்டது. வழிவிட்ட விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"போனு பேசுனியே, யாருகிட்டடீ?" என்றாள் பேச்சியக்கா.

"எம் மககிட்ட."

"மககிட்டப் பேசுறதுக்கு எதிர்த்த கம்பெனி வேலியில போயி எதுக்கு நிக்கணும்?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நாலு பேர் பேசிவிட்டார்கள். கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வந்த வழியே திரும்பி நடந்தாள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு விட்டார். தங்கமான மனுஷன், ஆனால் பயந்த சுபாவம். "நாளைக்குப் போலீஸ்ல புகார் குடுத்துருவோம்யா. அந்தப் பொம்பளை பேரைப் போட்டு எழுதச் சொல்லியிருக்கேன். பூட்டுனது நீ. நீதான் சாட்சிக் கையெழுத்துப் போடணும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் காபி குடித்துக்கொண்டே வீட்டம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சீனாவில் ஆரம்பித்து, எதிர்த்த கம்பெனி வழியாக, தூக்குவாளி வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் பூ கட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, அன்னைக்கு மருந்துச் சட்டி சூடா இருந்துச்சுன்னு சொன்னீகளே?"

"அது சாமி ஏத்துக்கிட்டது. அதுக்கும் இதுக்கும் என்ன?"

"சரி, சாமி ஏத்துக்கிட்டாரு. நாலு மணிக்குச் சூடாக்குனது சாமின்னா, மறுநா அந்தச் சூட்டுலயே வெடிச்சதும் சாமி கணக்குலதான வரும்? இடையில செல்லத்தாயி எங்கன வந்தா?"

"உனக்கென்ன தெரியும் மருந்தைப் பத்தி?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. ஈர மருந்து சூடாகும்னு நீங்கதான் ஊருக்கெல்லாம் சொல்லுவீக." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

காபி ஆறிப்போனது. சட்டியின் சூடு என் விரலில் அப்படியே இருந்தது. அதுவரை நான் அதை மறக்கவே இல்லை என்பதுதான் ஆச்சரியம். ஞாபகத்தில் பத்திரமாக இருந்தது. ஆனால் சாமி அறையில் வைத்துப் பூட்டியிருந்தேன். ரூம் எரிந்த கதைக்குப் பக்கத்தில் அதை வரவே விடவில்லை. மற்றவர்கள் ஏன் அந்தக் கதையை நம்பினார்கள் என்று அப்புறம் யோசித்திருக்கிறேன். நான் நம்பியதற்கு ஒரே காரணம்தான். அந்தக் கதையில் சீனாக்காரன் இருந்தான், எதிர்த்த கம்பெனி இருந்தது, செல்லத்தாயி இருந்தாள். நான் மட்டும் இல்லை.

ஆத்தா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பேரம் பேசிப் பார்த்தேன். புகாரில் கையெழுத்துப் போடாமல் நழுவிவிட்டால் போதுமா, உண்மையையும் சொல்ல வேண்டுமா என்று. ஆத்தா வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் கும்பிட்ட கையைப் பிரிக்க முடியவில்லை.

காலையில் முதலாளி மேஜையில் காகிதம் தயாராக இருந்தது. செல்லத்தாயி பேர் டைப் அடித்திருந்தது. பேனாவை நீட்டினார்.

"இப்ப ராகு காலம் முதலாளி" என்றேன்.

அவர் காலண்டரைப் பார்த்தார். "ராகு காலம் முடிஞ்சு அரை மணி நேரம் ஆச்சேய்யா."

இனித் தப்பிக்க இடமில்லை. சொல்லிவிட்டேன். தீர்த்தம் தெளித்தது, சட்டி சூடானது, அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பூட்டியது, எல்லாவற்றையும். முதலாளி பேனாவை மூடினார்.

"இதை நீ சொல்லாமலே இருந்திருக்கலாமேய்யா. சதின்னா சனம் ஐயோ பாவம்னு சொல்லும். கவனக்குறைவுன்னா லைசென்ஸ்ல வந்து நிக்கும்."

"அந்தப் பொம்பளை ஸ்டேசன்ல போயி நிக்குமே முதலாளி."

அவர் காகிதத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். கிழிக்கவில்லை. "வெளிய சனம் நிக்குது. அவளை உள்ள விட்டா வேலைக்கு வரமாட்டோம்னு சொல்லுது. இன்னைக்குள்ள நீ அதுகளை நம்ப வை. அப்புறம் நானே கிழிச்சுப் போடுதேன்."

புங்கை மரத்தடிக்குப் போனேன். உண்மையைச் சொல்லப் போகிறோம், சனம் கண் கலங்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அந்த வயசிலும் எனக்கு அவ்வளவுதான் விவரம்.  சொல்லி முடித்ததும் பின்னால் இருந்து ஒருத்தி சொன்னாள்:

"பாத்தியா, அண்ணாச்சியையே மடக்கிட்டானுக!"

"எதிர்த்த கம்பெனியில போர்மேன் வேலை காலியா இருக்குன்னாக. இப்பத்தான வெளங்குது."

பேச்சியக்காவுக்கு என் மேல் நிஜமாகவே பிரியம். கிட்டே வந்து காதோடு சொன்னாள். "தம்பி, மெரட்டுனாகளா? பயப்படாதீக. வாயால சொல்ல வேண்டாம். கண்ணை மட்டும் ஒருக்கச் சிமிட்டுங்க, நாங்க புரிஞ்சுக்கிடுதோம்."

நான் கண்ணைச் சிமிட்டாமல் நிற்கப் பார்த்தேன். நீங்கள் முயன்று பாருங்கள், தெரியும். கரிசல் காட்டுக் காற்று. தூசி விழுந்தது. சிமிட்டிவிட்டேன்.

"ஆங்!" என்றது கூட்டம்.

எனக்குக் கோபம் வந்தது. கூறுகெட்ட சனம் என்று வாய் வரை வந்துவிட்டது. அப்போது அவர்கள் கைகளைப் பார்த்தேன். எல்லாக் கையிலும் அலுமினியச் சாம்பல் நிறம். கழுவினாலும் போகாது. இந்தக் கைகள் நாளைக்கும் அதே மருந்துக்குள் போக வேண்டும். கொளுத்தியது ஒரு துரோகி என்றால் அவளை விரட்டிவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போகலாம். ஒரு சொம்புத் தண்ணீர் என்றால்? போர்மேனே அசந்துபோவான் என்றால்? அப்புறம் எந்தத் தைரியத்தில் உள்ளே போய் உட்காருவார்கள்? அவர்கள் முட்டாள்கள் இல்லை, பயந்திருந்தார்கள். பயந்தவனுக்குத் திக்குத் தெரியாத பயத்தைவிட, கண்ணுக்குத் தெரிகிற ஓர் எதிரி எவ்வளவோ தேவலை. அதோடு, நம்மை ஒழிக்கச் சீனா தேசமே கிளம்பி வந்திருக்கிறது என்பதில் ஒரு பெருமையும் இருக்கத்தான் செய்கிறது. எங்களை அதுவரை யாரும் அப்படிப் பெரிதாக மதித்ததில்லை.

கோபத்தை விழுங்கிக்கொண்டு, "பேச்சியக்கா, உங்க மூக்கு வேணும்" என்றேன்.

"எம் மூக்கா?"

"அலுமினிய மருந்து நனைஞ்சு சூடாகும்போது ஒரு வாடை விடும். அன்னைக்கு அதை மோந்தது நீங்க ஒரு ஆளுதான். வேற யாரும் மோக்கல. நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

முதலாளியிடம் கேட்டு, ரூம்களுக்கெல்லாம் எட்டத்தில், வெறும் பொட்டலில், அதே மருந்தில் ஒரு கைப்பிடிக்கும் குறைவாக ஒரு பித்தளைக் கிண்ணத்தில் வைத்தேன். மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டியும் மணலும். (இதை நீங்கள் யாரும் செய்யக்கூடாது. நான் செய்ததும் தப்புதான். அன்றைக்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.) பேச்சியக்கா முக்காட்டைப் போட்டுக்கொண்டு பத்தடி தள்ளி உட்கார்ந்தாள். சனம் மரத்தடியிலேயே இருந்து வேடிக்கை பார்த்தது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்றுமில்லை. "அண்ணாச்சி சீனாவுக்குப் போன் போட்டுக் கேளுங்க" என்று ஒரு குரல் வந்தது. இரண்டு மணி நேரம். ஆளாளுக்குத் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டார்கள். நான் ஆத்தாளை வேண்டிக்கொண்டு நின்றேன். வெடிக்கக்கூடாது என்று தினமும் வேண்டுகிறவன், சூடாக வேண்டும் என்று வேண்டியது அன்றைக்கு ஒரு நாள்தான்.

காற்று திரும்பியது. பேச்சியக்கா விசுக்கென்று எழுந்தாள். மூக்கை உறிஞ்சினாள். முக்காட்டைத் தள்ளிவிட்டு இன்னொரு தடவை உறிஞ்சினாள்.

"ஆத்தாடி! இதே வாடைதான்!"

கிண்ணத்தின் வெளிப்புறத்தில் புறங்கையை லேசாக வைத்துப் பார்த்தேன். பூஜை அன்றைக்கு இருந்த அதே இளஞ்சூடு. அவளும் வைத்துப் பார்த்தாள். உடனே கிண்ணத்தைத் தொட்டித் தண்ணீரில் முழுக அமுக்கிவிட்டேன். பேச்சியக்கா என்னைப் பார்க்கவில்லை. விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வாடை வந்தது நாலு மணிக்கு. அந்தப் பிள்ளை வந்தது..." என்று நிறுத்தினாள். "அடப் பாவி மக்கா, அந்தப் பிள்ளை அஞ்சு மணிக்குத்தான வந்துச்சு!"

மரத்தடியைப் பார்த்து அவள் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சீனாக்காரனை ஊருக்குள் கூட்டி வந்தவளே அவனைக் கையைப் பிடித்து மினி பஸ்ஸில் ஏற்றித் திருப்பி அனுப்பினாள். நான் கரடியாய்க் கத்தியும் கேட்காத சனம் அவள் சொன்னதும் கேட்டது. "நாந்தான் கண்டுபிடிச்சேன்" என்று சாயங்காலத்துக்குள் சாத்தூர் வரை போய்விட்டது. அந்தக் கதையில் கிண்ணம் ஒரு பானையாகவும், இளஞ்சூடு ஆளுயரப் புகையாகவும் ஆகியிருந்தன. நான் திருத்தப் போகவில்லை. என் மானம் போனது போகட்டும், செல்லத்தாயி மானம் வந்ததா இல்லையா? ஆனாலும் இரண்டு பேர் கடைசிவரை நம்பவில்லை. எதிர்த்த கம்பெனிக்காரன் பேச்சியக்காவையும் வாங்கிவிட்டான் என்று சொல்லிக்கொண்டே ரிட்டயர் ஆனார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் நான் விளக்குப் போடுகிறேன்.

முதலாளி சொன்னபடி காகிதத்தைக் கிழித்தார். விசாரிக்க வந்தவர்களிடம் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தோம். மருந்து ரூமைத் திரும்பக் கட்டித் திறக்க ரொம்ப நாள் ஆயிற்று. என்னைப் போர்மேன் வேலையில் இருந்து இறக்கி லோடு ஏற்றும் பக்கம் போட்டார்கள். அது நியாயம்தான்.

கிண்ணம் சூடான அன்று மாலையே நானும் பேச்சியக்காவும் ஆனைக்குட்டம் போனோம். செல்லத்தாயி எங்களை வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை.

பேச்சியக்காதான் ஆரம்பித்தாள். "தாயீ, அந்த வேலி ஓரத்துல போயி எதுக்குடீ நின்ன?"

"அங்கன நின்னாத்தான சிக்னல் கிடைக்குது? மக திருப்பூர்ல மாசமா இருக்கா. பிள்ளை வயித்துல உதைக்குதுன்னு சொன்னா. சிரிச்சேன். தப்பா?"

"தூக்குவாளி?"

"பூசைச் சுண்டலை உள்ள மறந்து வச்சுட்டேன். கெட்டுப்போகும்ல."

பேச்சியக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா, எனக்குத் தெரியவில்லை. நான் கையெடுத்துக் கும்பிட்டு, "தப்புப் பண்ணிட்டேன் தாயி" என்றேன்.

"அக்கா பேசுனது பேச்சு, அண்ணாச்சி. அக்கா எல்லாரையும்தான் பேசும். நீங்க பூட்டைப் பத்திச் சொன்னீக பாருங்க, அதுதான் சாட்சி. பொய் சொல்லாதவுக சொன்னாகன்னு எங்க தெருவுலயே நம்பிட்டாக."

அந்த வார்த்தை இன்றைக்கும் என் காதில் நிற்கிறது.  அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். பேச்சியக்காக்களைக் கண்டு பயப்படாதீர்கள். இப்போது உங்கள் கையிலிருக்கும் போனுக்குள் ஆயிரம் பேச்சியக்கா இருக்கிறார்கள், காலையில் கும்பிடு போட்டுச் செய்தி அனுப்புகிறார்கள். அவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர்கள் மூக்கை நம்பி ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். நீங்கள் பயப்பட வேண்டியது உங்கள் வாய்க்கு. நாலு பேர் மதிக்கிற வாயில் இருந்து "அப்ப, கள்ளச்சாவி போட்டிருக்கணும்" என்று ஒரு வார்த்தை விழும் முன்னால், அன்றைக்கு உங்கள் விரல் எதைத் தொட்டது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

செல்லத்தாயி ஒரு வாரம் கழித்துத்தான் வேலைக்கு வந்தாள். என்னிடம் பேச அதைவிட அதிக நாள் ஆயிற்று. அடுத்த வருஷம் எனக்குப் போர்மேன் வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஆயுத பூஜை அன்றைக்குக் காலி பித்தளைச் சட்டியைத் துடைத்துச் சந்தனம் வைத்தேன். தீர்த்தச் சொம்போடு மருந்து ரூம் வாசல் வரைக்கும் போய்விட்டு, காலை எடுத்து உள்ளே வைக்க முடியாமல் நின்றேன். சனம் வரிசையாக நின்று என்னையே பார்த்தது.  பேச்சியக்கா மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள்.

செல்லத்தாயிதான் வரிசையை விட்டு முன்னால் வந்தாள். இடுப்பில் பேரன். தலையை என் முன்னால் குனிந்தாள்.

"மருந்து ரூமுக்கு வேண்டாம், எங்க மேல தெளிங்க அண்ணாச்சி. நாங்க போன வருசமே பத்தி எரிஞ்சு முடிச்சாச்சு."

சொம்பு காலியாகும் வரை தெளித்தேன்.